ஒரு சாண்

விடியாத ஐந்தரைக்கு அழைப்பு.
சிக்லாப் பக்கம், மூலை வீடு.
"ராத்திரி மூன்று மணிக்கு வெடிச்சத்தம்.
இப்போது கராஜ் கதவு ஏற மாட்டேன் என்கிறது.
உள்ளே கார். எட்டரைக்குக் கூட்டம்" என்றார்
மேடம் குவெக்.

என்ன சத்தம் என்று போகாமலே தெரியும்.
கதவுக்கு மேலே தண்டில் கோத்த இரண்டு ஸ்பிரிங்கில்
இடதுபக்கத்துச் சுருள்
நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு
இரு துண்டாய் நின்றது.

முறிந்ததால் ஆபத்தில்லை, அதில் இருந்தது போய்விட்டது.
முறியாமல் முறுக்கோடு நிற்கிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.
முதல் வருடம் ஸ்க்ரூடிரைவரை நுழைத்துத் திருப்பினேன்.
மோவாயில் அந்தத் தழும்பைச் சுற்றித்தான்
இன்றைக்கும் சவரம்.

கதவைத் தண்டவாளத்தோடு சேர்த்துக் கவ்வவைத்தேன்.
இரும்புக் கோல் இரண்டு,
ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப.
வலதுபக்கத்தைக் கால் சுற்று, கால் சுற்றாக
முப்பது தரம் அவிழ்க்க வேண்டும்.
நடுவில் யாரும் பேசக்கூடாது. மேடம் பேசினார்.
"அது நன்றாகத்தானே இருக்கிறது?
ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?"
பதினேழு, என்றேன் உரக்க.
பதினெட்டு.
முடித்து இறங்கித்தான் சொன்னேன்:
"இரண்டும் ஒரே கதவை ஒரே அளவு தூக்கியவை மேடம்.
இதுவும் வழியில்தான் இருக்கிறது."

"போட்டு நாலு வருடம்தானே?"

அதுதான் எனக்கும் இடித்தது.
பத்தாயிரம் தரம் தாங்குகிற சுருள்.
மோட்டார் தன் வயிற்றுக்குள் எண்ணி வைத்திருந்தது
மூவாயிரத்துச் சொச்சம்.
காலையில் போக, மாலையில் வர, கணக்குச் சரி.
மிச்சத்தைத் தூக்கியது யார்?

கரண்ட் போனால் இழுக்கிற சிவப்புக் கயிறு
எல்லா வீட்டிலும் தூசியோடு புத்தம் புதிதாய்த் தொங்கும்.
இங்கே கைப்பிடி வழவழத்து
சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது.
அதை இழுத்தால் மோட்டார் விலகிக்கொள்ளும்.
சத்தமில்லை.
சுருள் சரியாயிருந்தால் தொண்ணூறு கிலோ கதவு
ஒரு கைக்கு வரும்.

காருக்குப் பின்னால்
பெயின்ட் டப்பாக்களுக்கும் சைக்கிளுக்கும் நடுவே
மடித்து வைத்த மெத்தை. ஒரு மேசை விசிறி.
ஜன்னல் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்,
நாலு பக்கமும்.

வர்சினி தண்ணீர் கொண்டுவந்தாள்.
வலது மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருந்தது.
மூன்று மணிக்குக் கதவு யார் கையில் இருந்தது என்று
நான் கேட்கவில்லை.
நான் கயிற்றைப் பார்த்ததை
அவள் பார்த்திருந்தாள்.

மழை வந்தால் இறக்க, விட்டால் ஏற்ற,
எதிர்வீட்டு விளக்கு எரிந்தால் இறக்க.
இரவுக்கு நாலைந்து என்று வைத்துப் பெருக்கினேன்.
கணக்கு வந்தது.

"அப்புறம் ஏன் முறிந்தது?"
"கடற்காற்று மேடம். துரு."
முறிந்த வாய் வெள்ளியாய் மின்னியது.
துண்டுகளைப் பைக்குள் போட்டேன்.
"உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது.
ராத்திரியில் கீழே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும்.
ஸ்பிரிங்குக்குக் காற்று வேண்டும்."
"திருடன்?"
"அதற்கு மேல் ஏறாமல் ஒரு கொக்கி போட்டுத் தருகிறேன்.
முப்பத்தெட்டு வெள்ளி."
முப்பத்தைந்துக்கு இறங்கினேன்.

புது ஜோடி. மறுபடி முப்பது, மறுபடி முப்பது.
இந்த முறை யாரும் பேசவில்லை.
சிவப்புக் கயிற்றை இழுத்து
கதவை இடுப்பளவு தூக்கிக் கையை எடுத்தேன்.
நின்றது.
முழங்காலளவு.
நின்றது.

அவளுக்கு ஓர் அறை கேட்க எனக்கு வாய் வரவில்லை,
ஸ்பிரிங்குக்குக் காற்றுதான் கேட்டேன்.
ரசீதில் அதைத் தனி வரியாக எழுதினேன்.
மேடம் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஏழே முக்காலுக்குக் கார் வெளியேறியது.
மோட்டார் ஒன்றைக் கூட்டிக்கொண்டது.
வேனைத் திருப்பும்போது கண்ணாடியில் தெரிந்தாள்,
குந்தி உட்கார்ந்து அந்தக் கொக்கியை
மாட்டுகிறாள், கழற்றுகிறாள்,
திரும்ப மாட்டுகிறாள்.