கால் வாட்

அலையின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல்.
என் கம்பம் பதினான்கு மீட்டர்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பீர்கள்.
சரிதான்.
மீதி நீளத்தை ஒரு பீப்பாயில் சுற்றிவைத்துத்தான்
அலையை நம்பவைக்க வேண்டும்.

ஹீயுமா தீவில் நவம்பர் கடைசியில்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
படகுத்துறை வேலை முடிந்து வந்து
கறுப்பு வாளியில் ஒரு துண்டு, வெள்ளை வாளியில் ஒரு துண்டு வெட்டி
மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தேன்,
பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர்.
கறுப்பு சுட்டது.
வெள்ளை, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல்
குளிர்ந்தே கிடந்தது.
அந்த வெள்ளையில் பெரிய பீப்பாய்
இல்மாரிடம்தான் இருந்தது,
முட்டைக்கோஸ் ஊறப்போடுவது.
இரவல் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
எத்தனை கழுவியும் புளிப்பு போகவில்லை.

கம்பிக்குள் இருநூற்றெழுபது இழை.
ஒவ்வொன்றும் தலைமுடிக் கனம்,
ஒவ்வொன்றுக்கும் தனி அரக்குச் சட்டை,
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பட்டுப் போர்வை.
அதிர்கிற மின்சாரம் செம்பின் உள்ளே இறங்காது,
தோலோடு தோலாய் ஓடிவிடும்.
அதனால் தோலைப் பெருக்கு.
அவ்வளவுதான் வித்தை.

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே மீன்வலை நைலான்.
ஒட்டினால் தகராறு,
விலகினால் பீப்பாய் போதாது.
எண்பத்து மூன்றாம் சுற்றில் தொலைபேசி அடித்தது.
எடுத்தால் எண்ணிக்கை போய்விடும், எடுக்கவில்லை.
(மகன். மறுநாள் கோபித்துக்கொண்டான்.)
நூற்றிருபதில் நிறுத்தினேன்.

ஐந்நூறைத் தொட வேண்டிய க்யூ
நூற்றெண்பதில் உட்கார்ந்துகொண்டது.

பூதக்கண்ணாடியில் இழைகளை எண்ணினேன்,
ஈயம் பிடிக்காத ஒன்று உண்டா என்று.
அடுப்பருகே இரண்டு நாள் காயவைத்தேன்.
உப்பைத் திட்டினேன், முட்டைக்கோஸைத் திட்டினேன்,
கம்பி விற்ற ரீகா நகரத்துக் கடைக்காரரை
அவருக்குக் கேட்காத தூரத்திலிருந்து திட்டினேன்.

இல்மார் வந்தார்.
"பீப்பாய் இருக்கட்டும் லைனே,
மூடி வளையம் மட்டும் வேண்டும், வேறொன்றுக்கு."
பீப்பாயின் வாயில் இறுகியிருந்த இரும்புப் பட்டையை
கொக்கி தட்டிக் கழற்றினார்.
மீட்டர் துள்ளியது.
நானூற்றுத் தொண்ணூறு.

திரும்பப் போடுங்கள் என்றேன்.
போட்டார். நூற்றெண்பது.
கழற்றுங்கள்.
மூன்றாம் முறை அவர் என்னைப் பார்த்த பார்வையில்
தீவு முழுக்க ஒரு செய்தி கிளம்பத் தயாராயிருந்தது.

வேறொன்றுமில்லை.
மூடிய வளையம், தானும் ஒரு சுற்று என்று
நூற்றிருபதோடு பந்தியில் உட்கார்ந்து
சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது கணக்கு இது:
இருநூற்றெழுபது வாட் உள்ளே போகிறது.
மண் அறுபது ஓம் தின்கிறது, சுருள் ஏழு.
ஈரமான ஜூனிப்பர் புதர்களும்
சுண்ணாம்புப் பாறையும் மண்புழுக்களும்
கதகதப்பாய் இருந்துவிட்டு
வானத்துக்கு மிச்சம் விடுவது
கால் வாட்.
ஏழு ஓமுக்காகவா மூன்று வாரம்? கேட்கலாம்.
மண்ணை நான் சுற்றவில்லை.
சுருளைச் சுற்றியது நான்.

இரவு பதினொன்று. சுருளின் மேல்முனையில் ஆறாயிரம் வோல்ட்.
நாயைக் கட்டிவைக்கும்படி இல்மாருக்குச் சொல்லியனுப்பினேன்.
ஒரு புள்ளிக்கு இரண்டு நிமிடம்.
என் அழைப்புப் பெயரின் முதல் எழுத்து ஒற்றைப் புள்ளி,
அடுத்தது மூன்று.
அதற்குள் பனி விழுந்து, மேற்கம்பிகள் கனத்து,
ஒத்திசைவு நழுவியது.
சாவியிலிருந்து கையெடுத்தேன்.

காலையில் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து
ஹெட்லி என்கிற படகுக்காரர் படம் அனுப்பியிருந்தார்.
சாம்பல் நிறத் தூசி. அதில் ஒரு கீற்று,
இடைவெளி, இன்னும் இரண்டு கீற்று.
மூன்றாவது இருக்கலாம், பாதி.

இல்மார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"இவ்வளவுதானா?"
இவ்வளவுதான்.
"கடலைத் தாண்டியா?"
தாண்டி.

புதுப் பீப்பாய் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.
வளையத்தோடு.