வாயில்காப்போர்

அந்தக் குளிர்காலத்தில் குட்டாய்சி நீதிமன்றத்துக்குக்
கதவு இல்லை.
யாரோ பெயர்த்துக்கொண்டுபோய்
அடுப்பில் வைத்துவிட்டார்கள்.
நல்ல ஓக் மரம். இரண்டு இரவு எரிந்திருக்கும்.

ரொட்டிக்கடை ஜன்னலில் நிற்பவள் சியாலா.
தலைக்கு நானூறு கிராம்.
தராசு அவள் கையில், பட்டியல் அவள் கையில்,
கத்தியும்தான்.

தொழுகைக்கூடத்தில் பத்து ஆண்கள் சேர்ந்து
மூன்று வாரமாயிற்று. பாதிப் பேர் கப்பலேறிவிட்டார்கள்.
வியாழன் இரவு, மண்ணெண்ணெய் தீருமுன்
தனியே வேதத்தைப் பிரித்தாள்.
கோடையில் வாசிக்க வேண்டிய பகுதி.
தையல் விட்ட இடத்தில் புத்தகம் தானே திறக்கும்,
அவள் என்ன செய்ய.

வாயில்கள்தோறும் நடுவர்களை அமர்த்தச் சொல்லும் பக்கம்.
சிரித்துவிட்டாள்.
எந்த வாயில்? எந்த நடுவர்?
ஆனால் ஓரத்தில், அவளுக்கு முன் வைத்திருந்த எவரோ
பென்சிலால் வரைந்திருந்தார்:
ஒரு கண். ஒரு காது.
அப்புறம் ஒரு வாய், கொஞ்சம் கோணலாக.

விளக்கை ஊதி அணைத்தாள்.
இருட்டில் விசாரணை தொடங்கியது.
கண்வாசல் காவலன் தூங்கிக்கொண்டிருந்தான்.
செவிவாசலில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே அனுமதி.
வாயிலோ வாயாடியது:
'மாவு கலப்படம், அடுப்பு சரியில்லை,
யாருக்காவது கருகல் போகத்தானே வேண்டும்!'
யாருக்காவது அல்ல.
ஐம்பத்து மூன்றாம் எண், வர்லாம்.
பதினோரு வருடம் முன்பு ஒரு காகிதத்தில் அவர் போட்ட கையெழுத்தில்
அவள் கணவனுக்கு வேலை போனது.
நவம்பரிலிருந்து ஒவ்வொரு நாளும்
கருகிய முனை அவருக்கு.
முப்பது நாற்பது கிராம் குறைவாக.
அவர் எடை பார்த்ததில்லை. அல்லது பார்த்தார்,
சொன்னதில்லை.

உள்ளிருந்த நடுவரும் பசித்தவள்தான்.
அவளுக்கும் பழைய கணக்கு உண்டு.
'அவன் செய்தது?' என்று கேட்டாள்.
அது வேறு வழக்கு.
இது ரொட்டி வழக்கு.

காலையில் நடுத்துண்டை வெட்டித்
தராசில் வைத்தாள். நானூற்றிரண்டு.
இரண்டு கிராமைக் கிள்ளி எடுத்தாள்,
இது மன்னிப்பு இல்லையே, எடை.

ஐம்பத்திரண்டு வந்தது.
ஐம்பத்து நான்கு வந்தது.

மாலை வரை ஜன்னலோரம் இருந்தது அந்தத் துண்டு.
விறைத்துக்கொண்டே போனது.
பட்டியலில் முகவரி இருக்கிறது:
நதிக்கு அப்பால், ஐந்தாம் மாடி,
லிஃப்ட் ஓடாத கட்டடம்.

சியாலா கத்தியைத் துடைத்தாள்.
ஜன்னலைச் சாத்தினாள்.
ரொட்டியைக் கோட்டுக்குள் வைத்தபோது
மார்புக்கூட்டுக்குள் யாரோ எழுந்து நின்று
வழிவிட்டார்கள்.