கடிமானம்

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ட்ரொம்சோவுக்குத் திரும்ப இன்னும் ஐந்து வாரம்.
நிலவறையில் ஒற்றைக் குழல்விளக்கு.
தாங்கியில் தொங்குகிறது கார்பன் சட்டகம்,
கறுப்பு, இரண்டே விரலால் தூக்கிவிடலாம்.
நார்விக்கில் ஒருவன் பாதி விலைக்குத் தந்தான்.
ஏன் என்று கேட்டேன்.
"எதுவும் எதிலும் சேரவில்லை" என்றான்.
வண்டியைத்தான் சொன்னானா, தெரியாது.

பகலில் நான் பல் செய்கிறவள்
(பகல் என்பது இப்போது கடிகாரம் சொல்வது).
யார் யாருடைய வாய்களோ
அச்சுகளாய் என் மேசையில் திறந்து கிடக்கும்.
முந்திரிக் கணக்கில் ஒரு மேடு போதும்,
இரவெல்லாம் நாக்கு அதையே தடவிக்கொண்டிருக்கும்.
ஆகவே எனக்குப் பொறுமை உண்டு என்று நினைத்திருந்தேன்.

முதலில் பின்சக்கரம்.
சட்டகத்தின் கவடு நூற்று நாற்பத்தெட்டு,
என்னிடமிருந்த அச்சு நூற்று நாற்பத்திரண்டு.
நடுவில் ஆறு மில்லிமீட்டர் காற்று.
பக்கத்துக்கு மூன்றாக வளையம் வாங்கிச் செருகினேன்.
சக்கரம் உட்கார்ந்தது;
பிரேக் தட்டு மட்டும் பழைய இடத்திலேயே நின்று
பிடிப்பானைப் பார்த்தது,
பேருந்தைத் தவறவிட்டவள் போல.
அதற்கும் ஒரு வளையம், நீளமாய் ஆறு திருகு.
தபாலுக்குப் பத்து நாள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரலாம்.
கார்பன் நகராது, விரியும்.
விரிந்ததையும் சொல்லாது,
ஒருநாள் இறக்கத்தில், வேரும் கல்லும் நெருங்கும்போது
மொத்தமாய்ச் சொல்லும்.
சுத்தியலை மாடியில் கொண்டுபோய் வைத்தேன்.

பெடல் தண்டு இருபத்துநாலு, வந்த பேரிங் முப்பது.
இருக்கைக் கம்பம் குழாய்க்குள் தொளதொளத்தது
அப்பன் சட்டையைப் போட்ட பிள்ளையாட்டம்.
அதற்கொரு உறை, இதற்கொரு மெல்லுறை.
டிசம்பர்ச் சம்பளத்தில் கால்வாசி
இடைவெளிகள் வாங்கவே போனது.

ஐலிஃப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான்.
நான் எழும்போது அவன் படுப்பான்.
ஒரே கட்டிலின் சூட்டை
மாறி மாறி வைத்துக்கொள்கிறோம்.
பிரேக் குழாய் சட்டகத்துக்குள் போக மறுத்த மூன்றாம் நாள்
தரையில் உட்கார்ந்திருந்தேன்.
அதிகாலை ஐந்து. பூட்ஸில் பனியோடு இறங்கி வந்தான்,
ஒன்றும் கேட்கவில்லை,
தூசி உறிஞ்சியைக் கொண்டுவந்து
வால்பக்கத் துளையில் வைத்து அழுத்தினான்.
தலைப்பக்கத்தில் நான் பல்லிடுக்கு நூலை விட்டேன்,
நுனியில் பஞ்சு முடிந்து.
விர்ரென்று போயிற்று
ஐம்பது மீட்டரும்.
மறுமுனையை யாரும் பிடித்திருக்கவில்லை.

நிலவறை முழுக்கப் புதினா வாசம்.
அவன் சிரித்தான். அந்தக் கோணல் முன்பல்லைப் பார்த்து
எத்தனை நாளாயிற்று.
இரண்டாம் முறை நூலின் கடைசியை
என் சுண்டுவிரலில் அவனே கட்டிவிட்டான்.

பிடிப்பான் பிறகும் அடங்கவில்லை.
எப்படித் திருகினாலும் தட்டு உரசியது, ஸ்ஸ், ஸ்ஸ்.
கடிக்கச் சொல்லி வாயில் வைப்போமே, அந்த நீலத்தாள்,
வேலையிடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துவந்தேன்.
பிடிப்பானுக்கும் சட்டகத்துக்கும் நடுவே வைத்து
இறுக்கினேன், தளர்த்தினேன், விளக்கில் பார்த்தேன்.
ஓரத்தில் ஒரே ஒரு நீலப்புள்ளி.
பூச்சு திரண்டு உலர்ந்திருக்கிறது,
கடுகில் கால்வாசி.
நார்விக்காரனைத் தோற்கடித்தது இதுதானா?
கடைவாய்ச் சுரண்டியால் மூன்று இழுப்பு.
முறுக்குக்கோல் ஆறில் 'டிக்' என்றது.

மலைப்பாதையில் ஆளுயரப் பனி.
மே வரை இறங்க வழியில்லை.
ஐலிஃபுக்கு வேலைக்குக் கிளம்ப இன்னும் இருபது நிமிடம்.
"ஏறு" என்றான்.
அவன் இருக்கையைப் பிடித்துக்கொள்ள
துணி துவைக்கும் இயந்திரம் வரை
நான்கு மீட்டர் ஓட்டினேன்.

எங்கோ, மிகச் சிறிதாய்,
ஒரு கிரீச்.

"கேட்டதா?"
"இல்லையே" என்றான். பொய்.
குனிந்து, காதைச் சட்டகத்தில் வைத்து,
"இன்னொரு தடவை மிதி" என்றான்.