ஏற்றம் எத்தனை சதவீதம்

ஆறு பேர் பணம் கட்டியிருந்தார்கள்.
பந்தயம் வரும் பாதையில்
பந்தயத்துக்கு முன்னால் கூட்டிப்போக வேண்டும்.
'மலை வரை' என்று நோட்டீஸில் எழுதியது நான்தான்.

கானாடுகாத்தானில், காலை ஐந்தரை.
டயரை அமுக்கிப் பார்த்தபடி தயாளன் கேட்டார்:
"சிகப்பி மேடம், மலை எங்கே?"
கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசியும் மிதித்தவர்.
மேற்கே கை காட்டினேன்.
வானம் இருந்தது.
ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது.
"ஏற்றம் எத்தனை சதவீதம்?"
போகப் போகத் தெரியும் என்றேன்.
எங்கள் பக்கம் ஆடி மாசத்தில்
மலை படுத்துக்கொண்டே எதிரே வரும் என்று
சொல்லவில்லை.

கோட்டையூர் வரை அரட்டை.
காரைக்குடி தாண்டி மேற்கே திரும்பியதும்
பேச்சு நின்றது.
கதவுக்கு அந்தப் பக்கம் நின்று
யாரோ தோளால் தள்ளுகிற மாதிரி காற்று.
குன்றக்குடி மயில்கூட
தோகையைச் சுருட்டிக்கொண்டு நடந்தே சாலையைக் கடந்தது.
தயாளனின் கருவி வேகம் பதினான்கு என்றது,
ஏற்றம் பூஜ்ஜியம் என்றது.
தட்டிப் பார்த்தார்.
மறுபடியும் பூஜ்ஜியம்.
பல் டாக்டர் ஃபர்ஸானா
என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் விட்டு
ஒட்டிக்கொண்டு வந்தாள்.

முன்னால் போவது என் பிழைப்பு.
பள்ளத்துக்கு இடது கை,
நாய்க்கு வலது கை,
மணலுக்கு ஒரு கூச்சல்.

திருப்பத்தூருக்கு முன் ஒரு வளைவில் கயிறு கட்டியிருந்தார்கள்.
விசில், பைக், கார், இன்னொரு கார்,
பிறகு
நூறு தையல் மிஷின்கள் ஒரே துணியில் ஓடும் சத்தம்.
பதினோரு நொடி. எண்ணினேன்.
நிறங்கள் நின்றன கண்ணில், முகம் ஒன்றுமில்லை.
வீசியெறிந்த குப்பி ஒன்று உருண்டு வந்து
ஐஸ் வண்டிக்காரரின் காலடியில் நின்றது.
எடுத்து மோந்து பார்த்தார்,
முகம் சுளித்துப் பையனிடம் கொடுத்தார்.

கயிற்றை அவிழ்த்தார்கள்.
காத்திருந்த டவுன் பஸ்ஸும் மாடுகளும்
ஒன்றாகவே புறப்பட்டன.

அந்த மாடுகளுக்கு நடுவில்தான்
அவன் வந்தான்.
முழங்கை தோலுரிந்து,
ஒரு காலுறை மட்டும் சிவப்பாய்.
முதுகில் நாலு ஊக்கு.
எண் இல்லை.
கடைசி ஆளை ஏற்றிப்போகும் வேன்
எண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது,
இவன் ஏறவில்லை.

தமிழ் தெரியாது. எனக்கு இந்தி பத்துச் சொல்.
உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்து
புருவத்தை உயர்த்தினான்.
காலையில் கேட்ட அதே கேள்வி.
சிரித்துவிட்டேன்.
தண்ணீர் கொடுத்தேன்.
கண்மாய்க்கரை வழியாகப் போனால்
ஆறு கிலோமீட்டர் மிச்சம் என்று
மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன்.
பார்த்தான்.
தார் ரோட்டில் பூசியிருந்த மஞ்சள் அம்பைக் காட்டினான்.
அந்தப் பக்கமே மிதித்தான்.

அவனுக்கு முன்னால் போய்க் காற்றை மறைக்கலாம் என்று
எழுந்து மிதித்தேன்.
வேண்டாம் என்று
விரல் ஒன்றை மட்டும் ஆட்டினான்.
பின்னால் விழுந்தோம், ஏழு பேரும்.
எட்டு வருஷத்தில் முதல் தடவையாக
வேறொருவர் முதுகைப் பார்த்துப் போனேன்.
பள்ளம் வந்தபோது
என் இடது கை தானாக நீண்டது,
அவன் அதை ஏற்கெனவே சுற்றிப் போயிருந்தான்.

சிங்கம்புணரிக்கு அப்பால் பிரான்மலை எழுந்தது.
அடிவாரத்தில் காற்றடைத்த வளைவைப்
பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.
பாதி தொங்கிப்போன துணிக்குக் கீழே
தலையைக் குனிந்து நுழைந்தான்.
பந்தல்காரர் ஒருவர்
வாயில் பீடியோடு இரண்டு தட்டுத் தட்டினார்.
அவ்வளவுதான்.
ஓரமாய் உட்கார்ந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி
ஒன்றுக்குள் ஒன்று கோத்தான்.

"மலை ஏறவே இல்லையே" என்றார் தயாளன்,
பாதிப் பணமாவது திருப்பித் தரணும் என்றார்.
'வரை' என்றுதான் எழுதியிருந்தேன் சார்.

திரும்பும்போது காற்று முதுகில்.
நாற்பதில் போனோம்.
அதை மட்டும்
யாரும் கணக்கில் சொல்லவில்லை.