மூடிய கை

எட்டாம் கூடத்தில் நாற்காலி போட்டு
இந்த ஓவியத்துக்குக் காவல் இருக்கிறேன், பதினோரு வருஷம்.
சம்பளம் சொல்லும்படி இல்லை.

புடாபெஸ்ட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு,
அக்டோபர் கடைசி நாள், மழை.
சிப்பாய்கள் தொப்பியிலிருந்து மன்னரின் முத்திரையைப் பிய்க்கிறார்கள்,
அந்த இடத்தில் ஆஸ்டர் பூவைச் செருகுகிறார்கள்.
கல்லறைத் திருநாளுக்கென்று வந்த பூ.
இறந்தவர்களுக்குப் போக வேண்டியது
வழியில் இறங்கிக்கொண்டது.

வருகிறவர்கள் நடுவில்தான் பார்க்கிறார்கள்:
லாரி மேல் ஏறிக் கத்துகிறவன், நின்றுபோன டிராம்.
வெண்டெல் அவசரமாக வரைந்திருக்கிறான்;
கூட்டம் முழுக்க ஒரே மூக்கு.
மாடலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பார்கள்.

நான் பார்ப்பது வலது மூலையை.
பூக்காரி. கூடை காலி.
எவனும் விலை கேட்டிருக்க மாட்டான்,
அன்றைக்குப் போய் யார் பேரம் பேசுவார்கள்?
ஆனால் அவள் கை மூடியிருக்கிறது.
யாரோ ஒருவன் கொடுத்திருக்கிறான்.
காலையில் ரொட்டி வாங்கிய காசு,
சாயங்காலம் வாங்குமா தெரியாது;
பழைய மன்னரின் முகம்
அவள் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருக்கிறது.

ஆட்சி மாறும்போதெல்லாம் படத்தைக் கிடங்குக்கு இறக்கினார்கள்,
பிறகு ஏற்றினார்கள், பெயர்ப்பலகையை மாற்றினார்கள்:
வெற்றி, துரோகம், மறுபடி வெற்றி,
இப்போது வெறும் தேதி.
சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் ஐந்து.

நேற்று பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்.
ஒருத்தி, சட்டையில் கின்ச்சோ என்று பெயர்ச்சீட்டு,
நேராக மூலைக்கு வந்து கேட்டாள்:
கைக்குள் என்ன?

மிச்சச் சில்லறை, என்றேன்.
திருப்பிக் கொடுக்க ஆளைத் தேடுகிறாள்.

அவள் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள்,
வெகுநேரம்.
எல்லோருக்கும் ஒரே மூக்கு.