மூன்று நிமிடம்

தொலைந்த பந்தைத் தேட
மூன்று நிமிடம்தான் என்கிறது விதி.
முன்பு ஐந்தாக இருந்ததாம்.
இந்த ஊரில் எதற்குத்தான் நேரம் குறையவில்லை.

ஏழாம் குழி.
மண்டாய்ப் பக்கம், ரப்பர் தோட்டமாக இருந்த மேடு.
உச்சியில் தோர்ன்பரி துரையின் பங்களா இன்னும் நிற்கிறது
வெள்ளைத் தூணும் கறுத்த ஓடுமாய்.
அங்கேதான் இப்போது காலணி மாற்றுகிறோம்,
கோப்பி-ஓ குடிக்கிறோம்,
ஆட்டம் முடிந்தால் அட்டையில்
ஒன்றிரண்டு அடியைக் குறைத்து எழுதுகிறோம்.

பந்து வலப்பக்கம் வளைந்தது.
என் பந்து எப்போதும் வலப்பக்கம்தான்.
கணக்குத் தணிக்கையில் இருபத்தாறு வருடம்
ஒரு சதம் பிசகாதவள்
சனிக்கிழமைதோறும் ஒரு வெள்ளை உருண்டையிடம் தோற்கிறேன்.

"தெம்பூசு மரத்தடி" என்றார் பெங் சியூ.
"இல்லை, இன்னும் உள்ளே" என்றாள் ரொஹைடா,
கடிகாரத்தை அமுக்கியபடி.

முழங்கால்வரை லாலாங். ஈரம்.
காலை பத்து மணிக்கே
தூங்குமூஞ்சி மரங்கள் இலை மடிக்கத் தொடங்கியிருந்தன.
உடும்பு ஒன்று தலை தூக்கிப் பார்த்தது,
உறுப்பினர் அட்டை கேட்கிற தோரணையில்.
நாவை நீட்டி, உள்ளிழுத்து,
சரி போ என்று நகர்ந்தது.

ஒரு நிமிடம் போயிற்று.

வெட்டாமல் விட்ட ரப்பர் மரம் ஒன்று,
ஏன் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.
பட்டையில் சாய்ந்த கோடுகள்
ஒன்றன்கீழ் ஒன்று, தழும்பேறி.
விரலால் எண்ணினேன், தொழில் புத்தி.
பதினேழில் விட்டுவிட்டேன்,
அதற்குமேல் கை எட்டவில்லை.

வேரருகே கல்லறை.
லாடம்போல் வளைந்த குட்டைச் சுவர்,
எழுத்து கரைந்த கல்,
அதன்முன் ஓர் ஆரஞ்சுப் பழம்,
வாடாதது, இந்த வாரத்தது.
பழத்தை ஒட்டி
என் பந்து.

அட்டையின் பின்பக்கம் இருக்கிறது இதற்கும் விதி,
தண்ணீர்க் குழாய்க்கும் வண்டிப் பாதைக்கும் நடுவே:
கல்லறையில் கிடக்கும் பந்தை அபராதமின்றி எடுத்து
ஒரு மட்டை நீளத்துக்குள் இடலாம்.

குழிக்குக் குழி கெட்டவார்த்தை பேசும் பெங் சியூ
தொப்பியைக் கழற்றிக் கைகூப்பினார்.
தியோச்சியூவில் ஏதோ சொன்னார்.
என்னவென்று கேட்டேன்.
"தொந்தரவுக்கு மன்னிக்கச் சொன்னேன்.
இவளுக்கு நேராக அடிக்கவராது என்றும் சொன்னேன்."

பந்தைக் கையில் எடுத்தேன்.
சங்கு ஊதியது, நீளமாக.
மின்னல்.

பங்களாவுக்கு ஓடினோம்.
அறிவிப்புப் பலகையில் நனைந்த தாள்:
குத்தகை முடிய இன்னும் பதினொரு மாதம்,
பிறகு நிலம் அரசுக்கு, வீடுகளுக்கு.
எல்லாரும் படித்த தாள்.
எல்லாரும் மறுபடி படித்தோம்.

போனில் ஆதிரை.
அவளும் மணக்கப்போகிறவனும்
வீவக விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று
ராத்திரி தூங்காமல் பார்ப்பவர்கள்.
"அம்மா, அங்கேதானே இருக்கிறீர்கள்,
எந்தப் பக்கம் நல்லது, சொல்லுங்கள்."

சொன்னேன்.
பன்னிரண்டாம் குழிப்பக்கம் வேண்டாம்,
நாலு மணி வெயில் கண்ணில் குத்தும்.
நான்காவது பள்ளம், தண்ணீர் தேங்கும்.
ஐந்தாவதில் விரைவுச்சாலை இரைச்சல்.
ஏழில் இடப்பக்கமிருந்து காற்று வரும்,
வருடம் முழுக்க.
ஏழை எடு.

"எப்படி அம்மா இதெல்லாம் தெரியும்?"

ஒன்பது வருடம் மோசமாக ஆடியதில் தெரியும்.
மைதானத்தின் நடுவிலேயே அடிப்பவர்களுக்கு
இந்த மேட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.
கல்லைப்பற்றி அவளிடம் சொல்லவில்லை.
மகளுக்கு மறைத்த முதல் கணக்கு.

மழை விட்டது.
ஒரு மட்டை நீளம் அளந்து பந்தை விட்டேன்.
ஏழாம் இரும்பு.
வலப்பக்கம்.

அட்டையில் ஏழு என்று எழுதினேன்.
ரொஹைடா எட்டு என்றாள்.
எட்டுதான்.