தோன்றா எழுவாய்

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
எண்ணம் முதலில் தோன்றிய நாள், நேரம், சாட்சி.
பெரும்பாலோர் கூசாமல் பொய் எழுதுவார்கள்.
ரான்ஹில்ட் மட்டும்
"தோன்றவில்லை, நடந்தது" என்று எழுதியிருந்தாள்.

டிசம்பர். ட்ரொம்ஸோவில் சூரியன் வராத வாரங்கள்.
ஆய்வகத்தைத் துப்புரவு செய்ய வந்த லெத்தெப்ரஹான்
தூசி உறிஞ்சிக்கு இடம் தேடிக்
குளிர்ப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள்,
திரும்பச் செருக மறந்திருக்கிறாள்.
பதினோரு மணி நேரம்.
காலையில், சிப்பியிலிருந்து வடித்த பசை
கடல்நீருக்கு அடியிலேயே
இறுகிக் கிடந்தது.
கிழிந்த தோலை ஒட்டும். தையல் வேண்டாம்.

பங்கு: ரான்ஹில்ட் எழுபது, ஐவின் இருபத்தைந்து,
மிச்சம் ஐந்துக்கு எதிரே அந்தப் பெயர்,
இரண்டு முறை அடித்துத் திருத்திய எழுத்துக்கூட்டலோடு.

மூன்றாம் முறை அடித்தவன் நான்.
கைதவறலுக்குக் காப்புரிமை இல்லை,
சட்டம் அறிவைத்தான் கேட்கிறது என்றேன்.
அவள் வாதாடவில்லை.
பேனாவை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

ஆர்ஹுஸில் ஒரு நிறுவனம் உரிமம் வாங்கியது.
மூன்றில் ஒன்று அவர்களுக்கு, ஒன்று துறைக்கு,
ஒன்று எங்கள் அலுவலகத்துக்கு; புது நாற்காலிகள்.
காப்புரிமையின் ஆறாம் பக்கம், என் வாக்கியம்:
"மாதிரி பதினோரு மணி நேரம்
அறை வெப்பத்தில் வைக்கப்பட்டது."
யாரால் என்று
எந்த நாட்டுப் பரிசோதகரும் கேட்கவில்லை.

நேற்றிரவு என் அறைக்கும் வந்தாள்.
நான் கால்களைத் தூக்கிக்கொண்டேன்.
என் மேசையடியில் பிளக் காலியாகத்தான் இருந்தது.
அவளோ வராந்தாவின் கடைசியிலிருந்து
நீளமாய் ஒரு வயரை
இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.